கடல் வரும் நேரம்

கீழ்பென்னாத்தூரிலிருந்து அன்பர் ஒருவர் நமக்கு எழுதியிருக்கிறார். மனைவி, இரண்டு குழந்தைகள், எழுபது வயதைத் தாண்டிய தாயார் ஆகியோருடன் ஓர் இரவு முழுவதும் ரயிலில் பிரயாணம் செய்து, கடலோரமாகவே போய் வரவேண்டும் என்பது அவருடைய ஆசை. தாயாருக்கு முழங்கால் வலி. "இன்னும் இரண்டு வருஷம் போனால் நான் ரயில் படி ஏறுவேனோ என்னவோ?" என்று அந்த அம்மாளே சொல்கிறாராம். எந்த வண்டி, எந்த மாதம், எந்தப் பக்கத்து ஜன்னல் என்று கேட்கிறார். ஒரே ஒரு முறை நடக்கக்கூடிய யாத்திரையானபடியால், பதிலைச் சற்று ஆற அமரவே சொல்ல விரும்புகிறோம்.

முதலில் ஒரு சங்கடத்தை எடுத்துரைக்க வேண்டும். இராத்திரி வண்டியும் கடல் காட்சியும் ஒன்று சேர்வது அபூர்வம். மாலையில் ஏறி, உறங்கி, விடிந்ததும் இறங்கி வேலையைப் பார்க்கப் போகிறவர்களை மனத்தில் வைத்துத்தான் நம் நாட்டில் அட்டவணை தயாராகிறது. ஜன்னலோரம் உட்கார்ந்து வாய் பிளந்து பார்ப்பவர்களுக்காக அல்ல. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து சியாட்டிலுக்குப் போகும் 'கோஸ்ட் ஸ்டார்லைட்' என்னும் வண்டி ஏறக்குறைய ஒன்றரை நாள் ஓடுகிறது. அது காலையில் புறப்படுவதால் பசிபிக் சமுத்திரம் பகலிலேயே வந்து போய்விடுகிறது. இருட்டில் கடப்பதெல்லாம் உள்நாடுதான். ஆகவே, கடலோர ரயில் யாத்திரையைத் திட்டமிடுகிறவர் கேட்க வேண்டிய கேள்வி, "எந்த வண்டி?" என்பதல்ல; "கடல் எத்தனை மணிக்கு வருகிறது?" என்பதே.

இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால் பல வண்டிகள் உடனே கழிந்து போகின்றன. 2025 ஏப்ரலில் தாம்பரத்துக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே புதிய வண்டி ஒன்று தொடங்கப்பட்டது. விழுப்புரம், சிதம்பரம், திருவாரூர், பட்டுக்கோட்டை என்று கடலோர மாவட்டங்களின் வழியாகவே அது போகிறது. பெயர்களைப் படித்தால் நாவில் உப்புக் கரிக்கும். ஆனால் போகும் வழி முழுவதும் இரவு. போதாக்குறைக்குப் பாதையும் பெரும்பாலும் கடலுக்குச் சில மைல் உள்ளேயே இருக்கிறது. பாம்பனைத் தாண்டும் வேளையிலும் பொழுது நன்றாக விடிந்திருப்பதில்லை. தாயாரை எழுப்பி இருட்டைக் காட்டுவதில் என்ன பிரயோஜனம்?

மேற்குக் கரையைப் பற்றியும் இரண்டு வார்த்தை. 1998 ஜனவரி 26-ஆம் தேதி முழுமையாகத் திறந்துவிடப்பட்ட கொங்கண் ரயில் பாதை, மங்களூர்ப் பக்கத்திலிருந்து ரோஹா வரை 741 கிலோமீட்டர் நீளமுள்ளது. மங்களூரில் பிற்பகலில் புறப்படும் மத்ஸ்யகந்தா எக்ஸ்பிரஸில் இடப் பக்க ஜன்னலைப் பிடித்தவர்கள், பொழுது சாயும்வரை கண் கொட்டாமல் பார்க்கலாம். ஆனால் பார்ப்பது கடலை அன்று. கடலில் போய் விழும் ஆறுகளை. ஹொன்னாவரத்தில் சராவதியின் மேலுள்ள பாலம் ஒன்றே இரண்டு கிலோமீட்டருக்கு மேல். மழைக்காலத்தில் மலைச் சரிவுக்கு அஞ்சி அந்தப் பாதையில் வண்டிகளை மெதுவாக விடுவதற்குத் தனி அட்டவணையே போடுகிறார்கள். கால் வலுவுள்ளவர்களுக்கு அது சிறந்த யாத்திரை. கீழ்பென்னாத்தூரிலிருந்து மங்களூர் போய்ச் சேரவே ஓர் இரவு ஆகிவிடுமாதலால், நம் அன்பரின் தாயாருக்கு அதைச் சிபாரிசு செய்யோம்.

ஆகவே பாம்பன்தான். நிலத்தைவிட்டு வண்டி கடலின் மேலேயே ஏறிவிடுகிறது. இரு பக்கமும் தண்ணீர். எந்த ஜன்னல் என்ற கேள்விக்கே இடமில்லை. பழைய பாலம் 1914 பிப்ரவரி 24-ஆம் தேதி திறக்கப்பட்டது. 145 கண்கள், கப்பல் வரும்போது நடுவில் இரு கைகளும் மேலே தூக்குவதுபோல் திறந்து வழிவிடும். அந்த இரு இறக்கைகளையும் ஆட்கள் கையாலேயே சுற்றித் திறந்தார்கள். சென்னை எழும்பூரில் டிக்கட் வாங்கி, 'போட் மெயில்' ஏறி, தனுஷ்கோடித் துறையில் கப்பல் மாறித் தலைமன்னாரில் இறங்கி, மறுபடியும் ரயிலில் கொழும்புக்குப் போன காலம் அது. பிழைப்பைத் தேடி இலங்கைக்குச் சென்ற எத்தனையோ ஏழைக் குடும்பங்கள், மூட்டை முடிச்சுகளுடன் தாய்நாட்டைக் கடைசியாகப் பார்த்தது இந்த ஜன்னல்கள் வழியாகத்தான்.

1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு அந்தப் பாதை முடிந்தது. புயல் அடித்துக் கொண்டிருந்தபோது, பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற பாசஞ்சர் வண்டியைக் கடல் அலை அப்படியே வாரிக்கொண்டு போயிற்று. அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. தனுஷ்கோடி என்னும் ஊரே அன்றிரவு அழிந்தது. பாலத்தின் கண்களில் 126 அடித்துச் செல்லப்பட்டன. மீண்டும் கட்ட ஆறு மாதம் ஆகும் என்றார்கள் மேலதிகாரிகள். அப்பொழுது இளம் எஞ்சினீயராக இருந்த இ. ஸ்ரீதரன் என்பவரிடம் வேலை ஒப்படைக்கப்பட்டது. கடலில் விழுந்த இரும்பு உத்தரங்களைத் தேடி எடுத்துப் பூட்டி, 46 நாளில் வண்டி விட்டுவிட்டார். மேலே சொன்ன கொங்கண் பாதையையும் பிற்காலத்தில் அவரே தலைமை வகித்துக் கட்டினார் என்பதை, இரண்டு கரைகளையும் பார்க்கப் போகிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

நூறு வருஷத்துக்கு மேல் உழைத்த அந்தப் பாலத்தில் 2022 டிசம்பரில் வண்டிகள் நிறுத்தப்பட்டன. அருகிலேயே எழுந்த புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறக்கப்பட்டது. அதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி, மின்சாரத்தின் உதவியால் செங்குத்தாக மேலே எழும்புகிறது. நம்மவர்களே கட்டியது என்பதில் நமக்குப் பெருமைதான். ஒரே ஒரு குறை உண்டு. பழைய பாலத்தில் வண்டி நத்தைபோல் ஊர்ந்தது; கடலைச் சாவகாசமாகப் பார்க்க முடிந்தது. புதியதில் வேகமாகப் போய்விடுகிறது. முன்னேற்றத்துக்கு நாம் கொடுக்கும் விலை இது என்று வைத்துக்கொள்வோம்.

இனி, திட்டம். கீழ்பென்னாத்தூரிலிருந்து செஞ்சி வழியாக பஸ்ஸில் விழுப்புரம் சென்று, மதுரைக்குப் போகும் இரவு வண்டியில் ஏறவேண்டும். மதுரையில் விடியற்காலை இறங்கிப் பல் துலக்கிக் காப்பி சாப்பிட்டபின், காலையில் கிளம்பும் ராமேசுவரம் பாசஞ்சரில் உட்காரலாம். வண்டி அங்கிருந்தே புறப்படுவதால் கொஞ்சம் முன்னதாகப் போனால் ஜன்னலோரம் கிடைக்கும். மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் தாண்டி மண்டபம் வரும்போது நல்ல வெயில் ஏறியிருக்கும். கடல் நீலமும் பச்சையுமாகக் கண்ணுக்கு நிறைவாகத் தெரியும். திரும்புவதற்குப் பிற்பகல் வண்டிகளே உத்தமம். திருப்பதிக்குப் போகும் எக்ஸ்பிரஸ் வாரத்தில் சில நாட்கள் பிற்பகலில் ராமேசுவரத்தை விட்டு, இரவெல்லாம் ஓடித் திருவண்ணாமலை வழியாகவே போகிறது. சாயங்கால வெளிச்சத்தில் மறுபடியும் ஒரு முறை கடல். கண் விழித்தால் அண்ணாமலை. அங்கிருந்து வீட்டுக்கு பஸ் அரை மணி, முக்கால் மணிப் பயணம். ஆனால் பௌர்ணமியை ஒட்டி மட்டும் திரும்ப வேண்டாம். கிரிவலக் கூட்டத்தில் முழங்கால் வலிக்காரர் இறங்குவது எளிதல்ல.

டிக்கட் வாங்குவதில் ஒரு பொறி இருக்கிறது. விழுப்புரத்துக்கு நள்ளிரவு தாண்டி வரும் வண்டிகளுக்கு மறுநாள் தேதியைப் போடவேண்டும். வெள்ளிக்கிழமை இரவு என்று எண்ணி வெள்ளிக்கிழமைக்கே டிக்கட் எடுத்து, வண்டி முந்தின இரவே போய்விட்டதைக் கண்டு பிளாட்பாரத்தில் விழித்து நின்ற குடும்பங்கள் உண்டு. 2024 நவம்பர் முதல் 60 நாள் முன்னதாகத்தான் முன்பதிவு செய்யலாம். முன்போல் 120 நாள் அல்ல. தாயாரின் வயதைச் சரியாகக் குறிப்பிட்டால் கீழ்ப் படுக்கைக்கு முன்னுரிமை உண்டு. ஆனால் முதியோருக்கு இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. அதை நம்பிச் செலவுக் கணக்குப் போடவேண்டாம். பல்லாண்டுகள் வரி கட்டிய கிழவர்களிடம் கைவைத்தது சர்க்காருக்கு அழகல்ல என்பது நம் அபிப்பிராயம்.

குளிர்சாதன வகுப்பு வேண்டுமா என்றால், இரவுக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம், கடலுக்கு வேண்டாம். மூடிய கண்ணாடிக்கு அப்பால் தெரிவது படம். திறந்த ஜன்னலில் முகத்தில் அடிப்பதுதான் கடல். மாதம் எதுவென்றால், தை பிறந்த பிறகு மாசி, பங்குனி. ஐப்பசி, கார்த்திகையில் காற்று பலத்தால் பாலத்தில் வண்டியை நிறுத்திவிடுவார்கள். தை அமாவாசை, ஆடி அமாவாசைக் கூட்டத்தையும் தவிர்க்கலாம்.

கட்டுச்சாதம் பற்றி அன்பர் கேட்கவில்லை, ஆயினும் சொல்கிறோம். இரவுக்கு இட்லியும் எள்ளுப் பொடியும், மறுநாளைக்குப் புளியோதரையும் போதும். குழந்தைகள் ஓயாமல் ஏதாவது கேட்பார்கள். உங்கள் ஊர் மல்லாட்டையை வறுத்து ஒரு பை கட்டிக்கொள்ளுங்கள். மண்டபம் வரும்போது மட்டும் பையை வாங்கி வைத்துவிட்டு, தாயாரை ஜன்னலோரம் மாற்றி உட்கார வையுங்கள்.