சித்திரகுப்தன் கம்ப்யூட்டர்

வீடியோ கேம் என்றால் நம் ஆட்களுக்கு உடனே ஞாபகம் வருவது இரண்டு விஷயம். ஒன்று, 'டமால் டுமீல்'. இரண்டு, பையனுக்குச் சீக்கிரம் கண்ணாடி போடவேண்டி வரும். அதில் கதை இருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். "கதையா? ராட்சசன் ராஜகுமாரியைத் தூக்கிட்டுப் போனான், இவன் போய் மீட்டான். இதைத்தான் அம்புலிமாமாவிலேயே படிச்சாச்சே சார்!"

வாஸ்தவம். பல கேம்களில் கதை என்பது கல்யாணப் பத்திரிகை ஓரத்தில் தடவுகிற மஞ்சள் மாதிரி. சம்பிரதாயத்துக்கு. ஆனால் ஆர்.பி.ஜி. என்று ஒரு வகை உண்டு. ரோல் ப்ளேயிங் கேம். நீங்களே ஒரு பாத்திரமாகி, ஊர் ஊராகத் திரிந்து, கடையில் சாமான் வாங்கி, போகிற வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்து, முப்பது நாற்பது மணி நேரம் குடித்தனம் நடத்துகிற ஆட்டம். சினிமாவுக்கும் நாவலுக்கும் கைவராத ஒரு வித்தை இதில் இருக்கிறது. இந்த வாரம் அதுதான் விஷயம்.

நாவலில் கதாநாயகன் துரோகம் செய்தால் 'அடப்பாவி' என்று உச்சுக்கொட்டிவிட்டுப் பக்கத்தைப் புரட்டலாம். பாவம் அவனுக்கு, மிச்சப் பொழுது நமக்கு. ஆர்.பி.ஜி.யில் அப்படித் தப்பிக்க முடியாது. பட்டனை அழுத்தியது உங்கள் கட்டைவிரல்.

இதெல்லாம் கம்ப்யூட்டரில் ஆரம்பிக்கவில்லை. 1974ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று ஓர் ஆட்டம் கொண்டுவந்தார்கள். மேஜையைச் சுற்றி நாலைந்து பேர், காகிதம், பென்சில், பகடை. ஒருவர் கதை சொல்வார். "கதவை உடைக்கிறேன்" என்று நீங்கள் சொன்னால், உடைத்தபின் என்ன ஆகிறது என்பதை அவர் அந்த நிமிஷமே சொல்லியாகவேண்டும். மனுஷ மூளை என்பதால் எப்படியோ சமாளித்துவிடும்.

கம்ப்யூட்டருக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. முன்கூட்டியே எழுதி வைத்ததைத்தான் காட்டும். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கதையில் பத்து இடத்தில் 'ஆமாம் / இல்லை' என்று கேட்டு, ஒவ்வொரு பதிலுக்கும் கதை தனியாகப் பிரிந்தால் மொத்தம் 1,024 கதைகள். இருபது இடத்தில் கேட்டால் 10,48,576. அத்தனையும் எழுத எந்தக் கம்பெனிக்குக் கட்டுப்படியாகும்?

அதனால் ஓர் உபாயம் கண்டுபிடித்தார்கள். கதை பெரும்பாலும் ஒரே ரோட்டில் போகட்டும். நீங்கள் வழியில் செய்வதை மட்டும் ஒரு மூலையில் குறித்துக்கொண்டே வருவது. செய்தால் 1, செய்யாவிட்டால் 0. இதற்கு ஃப்ளாக் என்று பெயர். நம் பாஷையில், சித்திரகுப்தன் நோட்டு.

இந்த நோட்டை முதலில் பெரிய அளவில் எழுதிக் காட்டியவர் ரிச்சர்ட் கேரியட். 1985ல் அவருடைய 'அல்டிமா 4' வந்தது. அதன் உபதலைப்பில் இருப்பது நம் ஊர் வார்த்தை: அவதார். கடைசியில் வெட்டிச் சாய்க்க ஒரு பெரிய வில்லன் இதில் கிடையாது. நேர்மை, கருணை, வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என்று எட்டுக் குணங்களில் தேறவேண்டும். அதுதான் ஆட்டம்.

அதில் மூலிகை விற்கிற ஒரு பெண்மணி வருவாள். கண் தெரியாது. சாமானைக் கொடுத்துவிட்டு, பணத்தை எண்ணி வைக்கும் பொறுப்பை உங்களிடமே விட்டுவிடுவாள். பத்துக்கு ஒன்று வைத்தாலும் வாங்கிக்கொள்வாள். திட்டமாட்டாள், போலீஸ் வராது. 'அட, லாபம்!' என்று நடையைக் கட்டலாம். ஆனால் உள்ளே நேர்மைக் கணக்கில் மார்க் குறைந்திருக்கும். அரண்மனையில் ஹாக்விண்ட் என்றொரு ஞானி உண்டு. மணிக்கணக்கில் அலைந்துவிட்டு அவரிடம் போய் 'நான் எப்படி?' என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். பணிவுக்கும் பரீட்சை உண்டு. வழியில் ஆள் நிறுத்தி, பெருமைப்படுகிறாயா என்று கேட்பார்கள். மார்தட்டி 'ஆமாம்' என்றால் மார்க் போச்சு. இந்தப் பேப்பரில் நம் அரசியல் தலைவர்கள் எத்தனை பேர் தேறுவார்கள் என்பதை உங்கள் யோசனைக்கே விட்டுவிடுகிறேன்.

இதையே ஒரு நாடகக் காட்சியாக்கியது 1995ல் ஜப்பானில் வந்த 'க்ரோனோ ட்ரிக்கர்'. என் அக்கா பையனுக்கு இருபத்துநாலு வயசு. சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. ஒரு தீபாவளி லீவில் வீட்டுக்கு வந்து சோபாவில் சாய்ந்தபடி இதைச் செல்போனில் ஆடிக்கொண்டிருந்தான். ஆரம்பத்தில் ஒரு திருவிழா. கடைகள், ஜனக்கூட்டம். ஒரு பெண் மோதி விழுகிறாள், அவளுடைய பதக்கம் தெறித்து விழுகிறது. ஒரு மேஜையில் யாருடைய சாப்பாட்டுப் பையோ இருக்கிறது. ஒரு சின்னப் பெண் பூனையைத் தொலைத்துவிட்டு நிற்கிறாள். பையன் பதக்கத்தைப் பொறுக்கினான், சாப்பாட்டைச் சாப்பிட்டான், பூனையைக் கவனிக்கவில்லை. மேலே போய்க்கொண்டே இருந்தான்.

கொஞ்ச நேரம் கழித்து, ராஜகுமாரியைக் கடத்தியதாக அவன் மேல் கேஸ். கோர்ட், கூண்டு, வக்கீல் எல்லாம் உண்டு. திடீரென்று ஒரு கிழவர் சாட்சி சொல்ல வருகிறார்: இந்த ஆள் என் சாப்பாட்டைத் தின்றுவிட்டான்! விழுந்த பெண்ணுக்கு முன்னால் பதக்கத்தைத்தானே எடுத்தாய் என்று குறுக்கு விசாரணை வேறு.

பையன் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அநியாயம் மாமா! நானா திருடினேன்? மேஜையில இருந்துது, எடுத்தேன். கேம்ல எது கண்ணுல பட்டாலும் எடுக்கறதுதானே? எல்லாரும் எடுப்பாங்க!"

"ஆபீஸ் ஸ்டேப்ளர் மாதிரியா?" என்றேன்.

முறைத்தான். முதலிலிருந்து திரும்ப ஆரம்பித்தான். இந்தத் தடவை அந்தப் பெண்ணை முதலில் விசாரித்து, சாப்பாட்டைத் தொடாமல், பூனையைத் தேடிக் கொண்டுபோய் ஒப்படைத்தான். கோர்ட்டில் அதே சின்னப் பெண் வந்து, இவர் நல்லவர் என்று சாட்சி சொன்னாள். நிரபராதி என்று தீர்ப்பு.

ஆனாலும் ஜெயில். அங்கே மந்திரியின் சூழ்ச்சி. எப்படியும் உள்ளே தள்ளிவிடுவார்கள். கதை ஒரே ரோடு என்று சொன்னேனே, அதுதான்.

"எப்படியும் ஜெயில்னா எதுக்கு மாமா விசாரணை?" என்று கேட்டான். நல்ல கேள்வி. நான் கவனித்ததைச் சொன்னேன். முதல் தடவை ஜெயிலுக்குள் போனபோது அவன் திருதிருவென்று முழித்தான். இரண்டாவது தடவை அதே ஜெயில், அதே சுவர். கோபத்தில் முகம் சிவந்துவிட்டது. எழுதியவர்கள் காட்சியை மாற்றவே இல்லை. உள்ளே போன ஆள்தான் மாறியிருந்தான். இதை எந்தத் திரைக்கதையிலும் எழுதி வைக்க முடியாது. ஆடுகிறவன் கொண்டுவந்தால்தான் உண்டு.

இந்த வித்தைக்கு ஒரு வியாதியும் வந்தது. நல்ல காரியத்துக்கு மார்க் என்று தெரிந்ததும் ஜனங்கள் மார்க்குக்காகவே நல்லவர்களானார்கள். பிச்சைக்காரனைக் கண்டால் ஓடிப்போய்க் காசு. புண்ணியம் பி.எஃப். மாதிரி மாசாமாசம் ஏறியது. இதைக் கிண்டல் பண்ணியது 2004ல் வந்த ஒரு 'ஸ்டார் வார்ஸ்' ஆர்.பி.ஜி., 'நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக்' இரண்டாம் பாகம். அதிலும் ஒரு பிச்சைக்காரன் கை நீட்டுகிறான். காசு கொடுத்தால், கூட இருக்கிற கிழவி க்ரையா அடுத்த காட்சியைக் காட்டுகிறாள்: அந்தக் காசுக்காக இன்னொருவன் அவனை அடித்துப் போடுகிறான். கொடுக்காமல் விரட்டினால், அவனே இன்னொருவனை அடித்துப் பிடுங்குகிறான். எப்படிச் செய்தாலும் கிழவியிடம் திட்டு. அவள் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: யோசித்துச் செய்தாயா, பழக்கத்தில் செய்தாயா?

எல்லாவற்றுக்கும் மேலே 2015ல் வந்த 'அண்டர்டேல்'. டோபி ஃபாக்ஸ் என்பவர் பெரும்பாலும் தனியாளாகச் செய்தது, இசைகூட அவரே. இதில் டோரியல் என்று ஒரு ஜீவன். ஆட்டு முகம், அம்மா மனசு. உங்களுக்குத் தின்பண்டம் செய்து வைத்து, வெளியே போனால் ஆபத்து என்று வாசலை மறித்து நிற்கிறாள். சண்டை மூள்கிறது. சண்டை என்றால் ஜெயிக்கவேண்டும் என்று பழகிய கை, அடித்துவிடுகிறது. அவள் செத்துப்போகிறாள். மனசு கேட்காமல், பழைய 'சேவ்' பண்ணின இடத்துக்குத் திரும்பிப் போய், இந்தத் தடவை அடிக்காமல் பொறுத்துப் பொறுத்து அவளைப் பிழைக்க வைக்கிறீர்கள். அப்பாடா, கணக்கு நேராகிவிட்டது!

ஆகவில்லை. வெளியே வந்தால் ஃப்ளவி என்ற விஷமம் பிடித்த பூ ஒன்று காத்திருக்கிறது. நீ என்ன செய்தாய் என்று எனக்குத் தெரியும், அவளைக் கொன்றுவிட்டுத் திரும்பி வந்திருக்கிறாய் என்கிறது. பேய் அறைந்த மாதிரி இருக்கும். கேம்களில் எக்ஸ்பி என்றால் எக்ஸ்பீரியன்ஸ், அனுபவம் என்றுதான் எல்லாரும் படித்திருக்கிறோம். இந்த ஆட்டத்தின் முடிவுக்குப் பக்கத்தில், அந்த எழுத்துக்களுக்கு இங்கே எக்ஸிக்யூஷன் என்று அர்த்தம் என்கிறார்கள். அதாவது, எத்தனை பேரைத் தீர்த்துக் கட்டினாய் என்ற கணக்கு.

காகிதத்தில் பார்த்தால் எல்லாமே சில 1, சில 0. ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். அதற்குப் போய் ஒரு வளர்ந்த பிள்ளை சோபாவில் நிமிர்ந்து உட்காருகிறான் என்றால் காரணம் லேசானது. நாம் ஒரு நாளில் செய்கிற முக்கால்வாசிக் காரியத்தை யாரும் குறித்து வைப்பதில்லை. சில்லறை அதிகமாகக் கொடுத்துவிட்ட கண்டக்டர், க்யூவில் நமக்குப் பின்னால் தள்ளப்பட்ட பெரியவர், 'அப்புறம் பேசறேன்' என்று வைத்துவிட்ட போன். எல்லாம் மேஜைமேல் இருந்த சாப்பாடுதான். யாராவது கூப்பிட்டு 'அன்றைக்கு நீ' என்று ஆரம்பித்தால் எப்படி இருக்கும்? இந்த ஆட்டங்கள் ஆரம்பித்துவிடுகின்றன.

ராத்திரி அக்கா பையன் ஊருக்குக் கிளம்பும்போது ஃப்ரிட்ஜைத் திறந்து, ஒரு டப்பாவை எடுத்து, மூடியைத் திறந்து பார்த்து, உள்ளே கூப்பிட்டான்: "மாமி, இந்த மைசூர்பாகு யாருக்காவது எடுத்து வெச்சிருக்கீங்களா?"

இருபத்துநாலு வருஷத்தில் அவன் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.