கிங் பின்னுக்கு எந்த ரீமர்?

மான்குர்தைத் தாண்டி வாஷி பாலத்தில் ஏறுகிற சயான்-பன்வேல் நெடுஞ்சாலையில் லாரிகளுக்குப் பஞ்சமே இல்லை. அவற்றில் பழையவை பட்டறைக்கு வரக் காரணமாகும் உறுப்புகளில் ஒன்று கிங் பின். முன் சக்கரம் திரும்புவது இந்த எஃகு முளையைச் சுற்றித்தான். அதன் மேலும் கீழும் உள்ள இரண்டு புஷ்களும் தேய்ந்தால் ஸ்டியரிங் ஆடும், டயர் ஒரு பக்கமாகக் கரையும். புது புஷ்ஷை அழுத்தி இறக்கினால் மட்டும் வேலை முடிவதில்லை. இறக்கும்போது அது சற்றே சுருங்குவதால் பின் நுழையாது. உட்புறத்தை மெல்லச் சீவ வேண்டும். அதற்குத்தான் ரீமர்.

கடையில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று அளவு மாறாதது. மற்றது, பிளேடுகளைச் சாய்வான பள்ளங்களில் நகர்த்தி, இரு முனை நட்டுகளால் இறுக்குவது. சிறு பட்டறைக்காரரின் கை இரண்டாவதற்கே போகும். ஒரே கருவியில் பல மாடல் வண்டிகளைச் சமாளிக்கலாம் அல்லவா! ஆனால் அதில் அளவை முடிவு செய்வது கருவி அல்ல, நட்டைத் திருப்பும் கை. 25 மில்லிமீட்டர் துளைக்கு எச்7 என்ற பொருத்தத்தில் அனுமதிக்கப்படும் வித்தியாசம் 21 மைக்ரான். தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. கூடுதலாகச் சீவிவிட்டால் புஷ் குப்பைக்குத்தான்.

அளவைவிடப் பெரிய விஷயம் நேர்க்கோடு. ரீமர் கோணல் துளையை நிமிர்த்தாது. துளை போகும் வழியிலேயே போகும். மேல் புஷ்ஷையும் கீழ் புஷ்ஷையும் குட்டை ரீமரால் தனித்தனியே சீவினால் இரண்டும் தனித்தனியே சரியாக இருக்கும், சேர்ந்து இருக்காது. பின் இறுகும், ஸ்டியரிங் கனக்கும். கனத்த ஸ்டியரிங்கோடு நெடுஞ்சாலையில் போவது யார் உயிர் என்று சொல்ல வேண்டியதில்லை. எனவே பைலட் உள்ள நீள ரீமரே தேவை. அதன் வழவழப்பான தண்டு ஒரு புஷ்ஷில் உட்கார்ந்து வழிகாட்ட, பற்கள் அடுத்ததைச் சீவும்.

துப்பாக்கித் தொழிலிலும் இதே தலைவலி உண்டு. தோட்டா உட்காரும் அறையைச் சீவும் ரீமரின் மூக்கில் உள்ள பைலட், குழலுக்குள் ஓடி வழிகாட்டும். குழலுக்குக் குழல் உள்விட்டம் சிறிது மாறும் என்பதால், பைலட்டில் வளையத்தை மாற்றிக்கொள்ளும் வகையும் உண்டு. ஒரே அளவுக் குழலையே செய்பவருக்கு நிலையான பைலட் போதும். (1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் இந்த வேலையைத் தொடக்கூடாது. திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை போன்ற இடங்களின் வேலை அது. மான்குர்த் லேத்துகளுடையது அல்ல.)

இன்னொரு தேர்வு பல்லின் வடிவம். பல புஷ்களில் கிரீஸ் ஓடும் பள்ளம் இருக்கும். நேர்ப்பல் அதில் இடறி அதிரும். சுருள்பல் தாண்டிப் போகும். சுருள் இடப்புறமாக இருப்பது நல்லது. வலப்புறச் சுருள் தன்னையே துளைக்குள் இழுத்துக்கொள்ளும்.

ஒரே மாடல் லாரிதான் அதிகம் வருகிறதென்றால் அளவு மாறாத, பைலட் உள்ள, இடச்சுருள் ரீமரே லாபம். கலவையாக வந்தால் நட்டு வகையை வாங்கலாம். மைக்ரோமீட்டரும் கூடவே வேண்டும், பின்னைப் போட்டுப் பார்க்கும் பொறுமையும் வேண்டும். எதுவானாலும் பின்னோக்கிச் சுழற்றினால் கூர் போய்விடும். பழைய ரீமர் வாங்குகிறவர் பல்லை நகத்தின்மேல் வைத்துப் பார்க்கலாம்: கூர் இருந்தால் பிடிக்கும், இல்லாவிட்டால் வழுக்கும்.