இரண்டாம் அணி என்னும் மிரட்டல்

2011 ஆகஸ்டில் பெங்களூருவில் நடந்துகொண்டிருந்த தேசிய ஹாக்கிப் பயிற்சி முகாமிலிருந்து சர்தார் சிங்கும் சந்தீப் சிங்கும் வெளியேறினார்கள். அனுமதி பெறாமல் போனார்கள் என்பது குற்றச்சாட்டு. இருவரும் அன்றைய இந்திய அணியின் முதுகெலும்பு. ஒருவர் நடுக்களத்தை ஆள்பவர், மற்றவர் பெனால்டி கார்னரில் கோல் அடிப்பவர். ஹாக்கி இந்தியா அமைப்பின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு இருவருக்கும் இரண்டாண்டுத் தடை விதித்தது. அவர்கள் இல்லாத அணி சீனாவின் ஓர்டோஸ் நகருக்குச் சென்று, முதலாவது ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையின் இறுதியாட்டத்தில் பாகிஸ்தானை வென்று திரும்பியது. நட்சத்திரங்கள் இல்லாமலும் வெல்லலாம், ஒழுங்கே முக்கியம் என்று நிர்வாகிகள் மார்தட்டிக்கொள்ள இதைவிட நல்ல சான்று கிடைத்திருக்காது. அந்தச் சான்று சில நாள்கூட நிற்கவில்லை. வென்று வந்த வீரர்களுக்குத் தலா 25,000 ரூபாய் பரிசு என்று அறிவிக்கப்பட்டது. சொன்ன பேச்சைக் கேட்டு ஆடிய அதே அணி அந்தப் பணத்தை வாங்க மறுத்தது.

இந்திய விளையாட்டு நிர்வாகத்தின் வரலாற்றை எழுத முற்படும் எவரும் தொடங்க வேண்டிய இடம் இந்த மறுப்புதான். நிர்வாகத்தின் கையிலுள்ள மிகப் பழைய ஆயுதம், ‘உனக்குப் பதில் ஆள் இருக்கிறான்’ என்ற வாக்கியம். பதிலுக்கு வரும் ஆளுக்கு வயிறு இல்லை, குடும்பம் இல்லை, மானம் இல்லை என்ற அனுமானத்தின் மேல் நிற்கிற வாக்கியம் அது. ஓர்டோஸிலிருந்து திரும்பியவர்கள் அந்த அனுமானத்தை உடைத்தார்கள். பிறகு விளையாட்டு அமைச்சர் அஜய் மாக்கன் தலா ஒன்றரை இலட்சம் ரூபாய் அறிவித்தார், விவகாரம் அடங்கியது. இரண்டாண்டுத் தடையும் நிலைக்கவில்லை. 2012 பிப்ரவரியில் டெல்லியில் நடந்த ஒலிம்பிக் தகுதிச் சுற்றின் இறுதியாட்டத்தில் பிரான்சை 8-1 என்று இந்தியா வென்றபோது ஐந்து கோல்களை அடித்தவர் சந்தீப் சிங். சர்தார் சிங் பின்னர் அணியின் தலைவரானார். தடை விதித்தவர்கள் இந்த முரண்பாட்டுக்கு எவ்வித விளக்கமும் அளிக்க வேண்டியிருக்கவில்லை. விளக்கம் கேட்கும் அதிகாரம் படைத்த எவரும் அந்த அமைப்பில் இல்லை என்பதே அதன் பொருள்.

இது 2011-இல் தொடங்கியதன்று. 1998 டிசம்பரில் பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியா 32 ஆண்டுகளுக்குப் பிறகு ஹாக்கித் தங்கம் வென்றது. அணித்தலைவர் தன்ராஜ் பிள்ளை, புணேயின் கட்கியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். தென்கொரியாவுக்கு எதிரான இறுதியாட்டம் டை பிரேக்கர் வரை போனபோது கோல் வாயிலில் நின்று காத்தவர் பெங்களூருவின் ஆஷிஷ் பல்லால். தங்கத்தோடு ஊர் திரும்பியவர்களுக்குக் கிடைத்த பரிசு விசித்திரமானது. தன்ராஜ், பல்லால் உள்ளிட்ட மூத்த வீரர்கள் அடுத்த அணியில் இல்லை, பயிற்சியாளர் எம்.கே. கௌஷிக்கும் இல்லை. ‘ஓய்வு அளிக்கப்பட்டது’ என்பது கே.பி.எஸ். கில் தலைமையிலிருந்த இந்திய ஹாக்கிக் கூட்டமைப்பின் சொல். வசதிக்குறைவு, சொற்பமான ஆட்டப்படி ஆகியவை பற்றி வாய் திறந்ததற்கான தண்டனை என்றே வெளியுலகம் அதைப் புரிந்துகொண்டது. தண்டனையைத் தண்டனை என்று சொல்லாமல் ஓய்வு என்று சொல்லும் மொழித்திறன் ஆய்வுக்குரியது; அலுவலகத் தமிழிலும் இதற்குப் பல உடன்பிறப்புகள் உண்டு.

2010 ஜனவரியில் இந்த மோதல் வெளிப்படையான வேலைநிறுத்தமாகவே வெடித்தது. டெல்லியில் உலகக் கோப்பை தொடங்க இரண்டு மாதங்கூட இல்லை. புணே பாலேவாடி முகாமில் ராஜ்பால் சிங் தலைமையிலான 22 வீரர்கள் பயிற்சிக்கு இறங்க மறுத்தார்கள். முந்தைய தொடர்களுக்கான நிலுவைத் தொகையும் ஊக்கத் தொகையும் வந்தால்தான் மட்டையைத் தொடுவோம் என்பது அவர்கள் நிலை. நிர்வாகம் முதலில் காட்டியது தலா 25,000 ரூபாய். இந்த எண்ணின் மேல் ஹாக்கி நிர்வாகிகளுக்கு என்ன பற்றோ, அடுத்த ஆண்டும் அதே எண்தான் வந்தது. அத்துடன் கெடுவும் விதிக்கப்பட்டது. பணியாவிட்டால் வேறு வீரர்களைக் கொண்டு அணி அமைக்கப்படும் என்ற எச்சரிக்கை எழுந்தது. நாட்டுக்காக ஆடுவதைப் பெருமையாகக் கருத வேண்டாமா என்ற உபதேசமும் கூடவே வந்தது. வீரர்கள் அசையவில்லை. சில நாள்களில் நிர்வாகமே இறங்கி வந்தது. விளம்பரதாரர் நிறுவனத்தின் பணம் வந்தது, முகாம் மீண்டும் தொடங்கியது. உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தில் அந்த ‘ஒழுங்கற்ற’ அணி பாகிஸ்தானை 4-1 என்று வீழ்த்தியது. இறுதியில் எட்டாம் இடம்தான் கிட்டியது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஊதியம் கேட்கும் உரிமை பதக்கப் பட்டியலைப் பொறுத்ததன்று. அதே காலத்தில் போபால் முகாமிலிருந்த பெண்கள் அணியினர் கறுப்புப் பட்டை அணிந்து பயிற்சி செய்தார்கள். அவர்களுக்கு நாளிதழ்கள் ஒதுக்கிய இடம் ஆண்களுக்கு ஒதுக்கியதில் ஒரு துண்டு.

அந்த ஆண்டு ஆகஸ்டில் ஹாக்கி இந்தியா தலைவர் தேர்தல் நடந்தது. ஒலிம்பிக்கில் இந்திய அணிக்குத் தலைமை வகித்த பர்கத் சிங் போட்டியிட்டார். அவரைத் தோற்கடித்தவர் வித்யா ஸ்டோக்ஸ். இமாசலப் பிரதேச அரசியல்வாதி, அப்போது 80 வயதைக் கடந்தவர். அவரது வயதைக் கிண்டல் செய்து சிரித்தவர்கள் வாக்காளர் பட்டியலைப் பார்க்கத் தவறினார்கள். வாக்களித்தவர்கள் மாநிலச் சங்கங்களின் பிரதிநிதிகள். புணேயில் மட்டையைக் கீழே வைத்த 22 பேருக்கும் அந்தத் தேர்தலில், வீரர்கள் என்ற முறையில், ஒரு வாக்குகூட இல்லை.

இங்கே அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தோடு ஓர் ஒப்பீடு பயன்படும். ஹர்லிங் என்பது மட்டையும் பந்தும் கொண்ட, ஹாக்கிக்குத் தூரத்து உறவினன் போன்ற ஐரிஷ் ஆட்டம். ஊதியம் இல்லாதது, மாவட்டப் பற்றின் மேல் நிற்பது. 2008-இன் இறுதியில் கார்க் வீரர்கள், பயிற்சியாளர் ஜெரால்டு மெக்கார்த்தியை மாவட்டக் குழு மீண்டும் நியமித்த முறையை எதிர்த்து, அவருக்குக் கீழ் ஆட மறுத்தார்கள். மாவட்டக் குழு புதிய இளைஞர்களைக் கொண்டு மாற்று அணியை இறக்கியது. நகரத் தெருக்களில் வீரர்களை ஆதரித்து ஆயிரக்கணக்கானோர் ஊர்வலம் போனார்கள். உள்ளூர்க் கழகங்கள் தம் கருத்தைச் சொல்லத் தொடங்கின. 2009 மார்ச்சில் மெக்கார்த்தி விலகினார். முன்னாள் நட்சத்திரமான அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்ததும் இதே கதையின் பகுதி; வீரர்கள் தரப்பில் நின்ற கூட்டம் எல்லா நேரமும் அழகாக நடந்துகொள்ளவில்லை. மிக மோசமாக நடத்தப்பட்டவர்கள் மாற்று அணியில் ஆடிய இளைஞர்களே. வாழ்நாள் கனவான சட்டையை அணிந்த அன்றே துரோகி என்ற பெயரையும் அவர்கள் சுமக்க நேர்ந்தது. அந்தப் பழி அவர்களைத் தெரிந்தே அங்கு நிறுத்தியவர்களைச் சேர வேண்டும். அதே 2009-இல் மேற்கிந்தியத் தீவுகளின் முன்னணிக் கிரிக்கெட் வீரர்கள் ஒப்பந்தத் தகராறில் விலகியபோது, ஃப்ளாய்ட் ரீஃபர் தலைமையில் இறக்கப்பட்ட அணி வங்கதேசத்திடம் இரண்டு டெஸ்ட்களையும் இழந்தது. ரீஃபரைப் பழிப்பதும் அதே தவறுதான்.

கார்க்கில் இருந்தது, இங்கே இல்லாதது எது? தியாகமோ வீரமோ அன்று. அங்கே கழகங்கள் மாவட்டக் குழுவின் உறுப்பினர்கள்; வீரன் தன் கழகத்துக்குப் போய் வழக்காடலாம். இங்கே வீரன் தன் கூட்டமைப்பின் உறுப்பினனே அல்லன். இந்தியன் ஆயில், ரயில்வே போன்ற நிறுவனங்களில் அவனுக்கு வேலை இருக்கிறது என்பதைக் காட்டி, ‘சம்பளம்தான் வருகிறதே’ என்று கூட்டமைப்பு கைகழுவுகிறது. நாட்டுக்காக ஆடப் போயிருக்கிறான் என்று நிறுவனமும் அந்த வழக்கிலிருந்து விலகிக்கொள்கிறது. இரண்டு முதலாளிகளுக்கு நடுவே ஒரு தொழிலாளி, யாரிடம் கோரிக்கை வைப்பது என்று தெரியாமல் நிற்கிறான்.

தொழிலாளி என்ற சொல்லுக்கு முகம் சுளிப்பவர்கள் கல்விப்புலத்திலேயே ஏராளம். பெங்களூருவின் பொதுத்துறைத் தொழிலாளர்கள் 1980 டிசம்பர் முதல் 1981 மார்ச் வரை நடத்திய 77 நாள் வேலைநிறுத்தத்தை மதித்துப் பேசும் சமூகவியலாளர்கள், புணே முகாமின் வேலைநிறுத்தத்தை விளையாட்டுப் பக்கச் செய்தியாகக் கடந்துபோகிறார்கள். விளையாட்டு பற்றிய ஆய்வுகள் தேசியம், ஆண்மை, உடல், காட்சி ஊடகம் என்று எவ்வளவோ பேசுகின்றன. நாட்படி எவ்வளவு, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது யார், முழங்கால் உடைந்தால் மருத்துவச் செலவு யாருடையது என்ற கேள்விகளை அருவருப்போடு தாண்டிவிடுகின்றன. கர்நாடக அரசுக் கல்லூரிகளின் கௌரவ விரிவுரையாளர்கள் வீதிக்கு வந்தபோது ‘உங்களுக்குப் பதில் ஆள் இருக்கிறது’ என்ற தொனி எப்படி ஒலிக்கும் என்பது வகுப்பறைகளுக்கே தெரிந்திருக்கும். கௌரவம் என்ற அடைமொழி எங்கெல்லாம் ஒட்டப்படுகிறதோ அங்கெல்லாம் ஊதியச் சீட்டைப் பார்ப்பது நல்லது.

எதிர்வாதம் ஒன்றுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். உலகக் கோப்பையின் வாயிலில் வேலைநிறுத்தம் செய்வது மிரட்டிப் பணம் பறிப்பது ஆகாதா? ஆகாது. போட்டி இல்லாத மாதங்களில் வீரன் மட்டையைக் கீழே வைத்தால் யாருக்கும் தெரியாது. அவனுடைய உழைப்புக்கு விலை தெரிவது போட்டிக்கு முந்திய சில வாரங்களில்தான். நிர்வாகமும் நிலுவையை அதுவரை இழுத்தடித்தே வந்திருக்கிறது. நெருக்கடியான நேரத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் வீரர்கள் மட்டுமே என்று சொல்வது கணக்குப் புத்தகத்தின் ஒரு பக்கத்தை மட்டும் படிப்பது.

2025-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டம், தேசியக் கூட்டமைப்புகளில் வீரர் குழுக்களையும், செயற்குழுவில் வீரர்களுக்குச் சில இடங்களையும், தகராறுகளுக்கு ஒரு தீர்ப்பாயத்தையும் கொண்டுவருகிறது. வரவேற்கத்தக்க மாற்றம். ஆயினும் குழு வேறு, சங்கம் வேறு. கூட்டமைப்பின் கூரைக்குள் அமையும் குழு ஆலோசனை சொல்லும். 22 பேர் சேர்ந்து மறுக்கும்போது அவர்களுக்குப் பின்னால் நிற்க அதனால் இயலாது. கிரிக்கெட்டில் லோதா குழுவின் பரிந்துரைக்குப் பின் 2019-இல் உருவான வீரர் சங்கமும் ஓய்வுபெற்றவர்களுக்கு மட்டுமே உரியது. ஆடிக்கொண்டிருப்பவன் பேசக் கூடாது, ஆடி முடித்தவன் பேசலாம் என்ற ஏற்பாடு யாருக்கு வசதி என்று சொல்லத் தேவையில்லை.

முகாம் தொடங்கும் நாளுக்கு முன்பே எழுத்து வடிவ ஒப்பந்தம், அதில் நாட்படியும் ஆட்டப்படியும் காயத்துக்கான பொறுப்பும், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவுகோல், ஆடுகிறவர்கள் தாமே தேர்ந்தெடுக்கும் சங்கம்: கேட்க வேண்டியவை இவ்வளவே. பெங்களூருவின் ஆய்வாளர்களுக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. இந்திய விளையாட்டு ஆணையத்தின் தென்மண்டல மையம் பெங்களூருப் பல்கலைக்கழகத்தின் ஞானபாரதி வளாகத்தை ஒட்டியே இருக்கிறது. தேசிய ஹாக்கி முகாம்கள் ஆண்டின் பெரும்பகுதி அங்கேதான். தொழிலாளர் வரலாறு கற்பிக்கும் துறைகளிலிருந்து அந்தப் புல்தரைக்கு நடந்தே போகலாம்.