தோல் யாருக்கு?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வாசிகளுக்குத் தோலைப் பற்றி நாம் பாடம் சொல்ல வேண்டிய அவசியமில்லை. அறுத்த ஆட்டின் தோலுக்கு உடனே உப்புப் போடாவிட்டால் அது நாறிக் காசுக்காகாமல் போய்விடும் என்பது இங்கு சிறு பிள்ளைக்கும் தெரியும். ஆனால், பூர்வகாலத்தில் எருசலேமிலிருந்த யூதர்களின் தேவாலயத்திற்குள்ளேயே, பலியிட்ட மிருகங்களின் தோலுக்கு உப்புப் போடுவதற்கென்று ஒரு தனி அறை இருந்தது என்பதைத் தோழர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? “பர்வா அறை” என்று யூதர்களின் மிஷ்னா என்னும் நூலே அதற்குப் பேரும் சொல்லுகின்றது. கடவுளுக்குக் கொடுத்துவிட்ட ஆட்டின் தோலுக்கு உப்பு எதற்கு? கடவுள் தோல் மண்டி வைத்து நடத்தினாரா?

விஷயம் என்னவென்றால், சர்வாங்க தகனபலி என்பதில் மிருகம் முழுவதும் நெருப்புக்கு என்று சொல்லிவிட்டு, தோல் மாத்திரம் ஆசாரியனுக்கு என்று லேவியராகமத்தில் எழுதி வைத்திருக்கின்றது. சமாதான பலியில் மார்பும் வலது முன்னந்தொடையும் அவனுக்கு. மாவு கொண்டு வந்தால் ஒரு பிடி நெருப்புக்கு, மீதி அவனுக்கு. பாவம் செய்த ஏழைக்கு ஆடில்லாவிட்டால் இரண்டு புறா. அதற்கும் வழியில்லையென்றால் கொஞ்சம் மாவு. வெறுங்கையோடு வந்து “பாவம் செய்துவிட்டேன், இனிச் செய்யமாட்டேன்” என்று சொன்னால் மாத்திரம் போதாது!

ஆதியில் இந்தப் பலிகள் ஒரே இடத்தில் நடந்தனவல்ல. சீலோ, பெத்தேல், கில்கால் என்று ஊருக்கு ஊர், மேட்டுக்கு மேடு பலிபீடம் இருந்தது. மாமிசம் அபூர்வமாயிருந்த அக்காலத்தில் ஆடறுப்பதென்பது ஊர் கூடிச் சாப்பிடுகிற விசேஷம். இரத்தத்தில் உயிர் இருக்கிறது, அதைக் கொடுத்தவனுக்கே திருப்பிவிட வேண்டும் என்பது அவர்கள் பயம். நம் ஆடி மாதத்து மாரியம்மன் பொங்கலுக்கும் அதற்கும் அதிக தூரமில்லை. சீலோவில் ஏலி என்ற ஆசாரியனின் பிள்ளைகள், வேகிற சட்டியில் முட்கரண்டியை விட்டு வந்ததையெல்லாம் எடுத்துக்கொண்டதோடு திருப்தியடையாமல், பச்சை மாமிசமாகவே கொடு, இல்லாவிட்டால் பிடுங்கிக் கொள்ளுவோம் என்று மிரட்டினதாக அவர்கள் வேதமே சாட்சி சொல்லுகின்றது.

பிறகு கி.மு. 622 வாக்கில் யோசியா என்ற அரசன் கிராமத்துப் பலிபீடங்களையெல்லாம் இடித்து, எருசலேமைத் தவிர வேறெங்கும் பலியிடக்கூடாது என்று செய்துவிட்டான். பலி நின்றதா? இல்லை. கிராமத்துப் பூசாரிக்குப் பலிபீட உரிமை போய், தோலெல்லாம் தலைநகரத்துக்குப் போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான். அங்கும் பலசாலிகளான பெரிய ஆசாரியர்கள் மற்றவர்களின் பங்குத் தோலையும் அடித்துப் பிடுங்கினார்களென்றும், தோல்களை ஆலயத்துக்கே எழுதி வைத்த பிறகு, அந்தப் பணத்தில் கொஞ்ச காலத்திற்குள் ஆலயத்துக்குத் தங்கத் தகடு போட முடிந்ததென்றும் தல்மூத் கூறுகின்றது. தோல் வியாபாரிகள் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

கி.பி. 70-இல் ரோமர்கள் அந்த ஆலயத்தைக் கொளுத்தினார்கள். அத்தோடு யூதர்களின் பலி நின்றது. (சமாரியர் என்ற சிறு கூட்டத்தார் மாத்திரம் கெரிசீம் மலையில் இன்றும் பஸ்கா ஆடு அறுக்கின்றார்கள்.) ஏறக்குறைய 1950 வருஷமாக ஒரு சொட்டு இரத்தமில்லாமல் வெறும் ஜெபத்தோடு அவர்கள் கடவுள் காலந்தள்ளி வருகின்றார். பட்டினியால் செத்துப் போனதாகத் தகவல் இல்லை.

யூதர் கதைதானே என்று நம் வைதீகர்கள் சிரிக்க வேண்டாம். யாகத்தில் கொன்ற பசுவின் எந்த அவயவம் எந்தப் புரோகிதனுக்கு என்று ஐதரேய பிராமணத்தில் பங்குப் பட்டியலே இருக்கின்றது.

இதில் மற்றொரு அக்கிரமத்தைத்தான் நாம் முக்கியமாய்க் கவனிக்க வேண்டும். தோலைப் பங்காக வாங்கிக்கொண்ட ஆசாரியன் பரிசுத்தவான். அதே தோலை ஊறவைத்து, மயிர் நீக்கிப் பதனிடுகிறவனோ, ஊருக்கு 50 முழத்துக்கு அப்பால், அதுவும் கிழக்குப் பக்கத்தில்தான் தொழில் செய்ய வேண்டும் என்று அதே மிஷ்னாவில் சட்டம்! நாற்றத்துக்காக என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் தோல் பதனிடுகிறவனின் மனைவி அந்தக் காரணத்துக்காகவே விலகிக்கொள்ளலாம் என்றும் அதில் இருக்கின்றதே! நம் நாட்டிலோ நாற்றத்தோடு விடாமல், பிறவியிலேயே தீட்டு என்று சொல்லிச் சேரிக்குத் தள்ளினார்கள். அந்தத் தோலில் கட்டின பறை அம்மனுக்கு ஆகும். கட்டினவன் கோயிலுக்குள் வந்தால் ஆகாது. பாலாற்றங்கரைத் தோல் ஷாப்புகளில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி நிற்பவர்களில் பெரும்பாலோர் யார் என்று நாம் சொல்ல வேண்டுமா?

நிற்க, பலியைச் சட்டத்தால் நிறுத்திவிடலாம் என்று சிலர் நினைக்கின்றார்கள். 1950-இல் சென்னை மாகாணத்தில் உயிர்ப்பலித் தடைச் சட்டம் வந்தது. அது அரை நூற்றாண்டு பெரும்பாலும் தூங்கிவிட்டு, 28-8-2003-இல் ஜெயலலிதா அரசாங்கத்தின் உத்தரவால் திடீரென்று விழித்துக்கொண்டது. கிராமத்து ஏழையின் கருப்பசாமி முன்னால் போலீசார் போய் நின்றார்கள். அடுத்த 2004-லேயே அந்தச் சட்டத்தை ரத்துச் செய்யும்படி ஆயிற்று. யோசியாவின் இடிப்புக்கும் இதற்கும் வித்தியாசம் அதிகமில்லை. பலி வேண்டாமென்பதுதான் நம் அபிப்பிராயம். ஆனால் ஜனங்கள் தாங்களாக யோசித்து நிறுத்த வேண்டுமேயல்லாமல், லத்திக்குப் பயந்து நிறுத்தினால், லத்தி போனவுடன் ஆடு திரும்ப வந்துவிடும்.

ஆகவே வருகிற ஆடியில் நம் ஜில்லாக்களிலுள்ள திருவிழாக் கமிட்டியார்களை ஒன்று கேட்கின்றோம். எத்தனை ஆடு வெட்டினீர்கள், தலை யாருக்கு, தொடை யாருக்கு, தோல் என்ன விலைக்குப் போயிற்று, அந்தப் பணம் எங்கே என்று கோயில் சுவரிலேயே ஒரு கணக்கு எழுதி ஒட்டுங்கள். அம்மன் பங்கு என்று ஒரு கலம் போட்டு, அதில் என்ன எழுதுவதென்று யோசியுங்கள்.