நம்ரூதின் ஓவியமும் நாம் சொன்ன கொசுக் கதையும்

ஸ்காட்லாந்தின் டேவிட் ஸ்காட் (1806–1849) கற்பனாவாத மரபைச் சேர்ந்த ஓவியர். வலிமைமிக்க வேட்டைக்காரன் என்று பைபிளின் ஆதியாகமம் 10ஆம் அதிகாரம் குறிப்பிடும் நம்ரூதை அவர் வரைந்திருக்கிறார். அப்படத்தைக் கைபேசியில் கொண்டுவந்த மாணவர் ஒருவர், “ஹஸ்ரத், நம்ரூத் இப்படித்தான் இருந்தானா?” என்று கேட்டார்.

எவருக்கும் தெரியாது என்றோம். நபி இப்ராஹீம் (அலை) அவர்களுடன் தர்க்கித்த அரசனின் பெயரைக்கூட அல்குர்ஆன் (2:258) கூறவில்லை. அவன் நம்ரூத் என்பது விரிவுரையாளர்களின் விளக்கம். தோற்றம் முழுதும் ஓவியரின் கற்பனையே என்று சற்றுப் பெருமிதத்துடனேயே சொல்லிவிட்டோம்.

“அப்படியானால் அந்தக் கொசு?” என்றார் அவர்.

நாம் வாயடைத்துப் போனோம். மூக்கினுள் நுழைந்த கொசுவையும், தலையில் விழுந்த அடிகளையும் சென்ற ஆண்டு இதே வகுப்பில் சுவைபடச் சொன்னவர் நாமே. தஃப்ஸீர் நூல்களிலும் வரலாற்று நூல்களிலும் அச்செய்தி உண்டு, குர்ஆனில் இல்லை. இந்த வேறுபாட்டை அன்று நாம் சொல்லவில்லை. பிள்ளைகள் சிரித்தார்கள், நமக்கும் மகிழ்ச்சி. வண்ணத்தால் ஓவியர் செய்ததை நாம் நாவால் செய்தோம். ஆனால் அவர் அதை மார்க்கக் கல்வி என்று சொல்லிக் கொடுக்கவில்லை.

வியப்பு என்னவெனில், வசனத்தில் உள்ளதே போதுமானது. ‘என் இறைவன் உயிர் கொடுக்கிறான், மரணிக்கச் செய்கிறான்’ என்றார் இப்ராஹீம் (அலை). ‘நானும் அவ்வாறே’ என்றான் அரசன். இருவரை வரவழைத்து, ஒருவனைக் கொன்று மற்றவனை விட்டுவிட்டான் என விரிவுரையாளர்கள் விளக்குகின்றனர். இது வேடனின் கணக்கு அன்றோ! அம்பை எய்யாமல் விட்டதையே உயிர் கொடுத்ததாக எண்ணிக்கொண்டான். நபியவர்களோ அதில் வாதிட்டு நிற்காமல், சூரியனை மேற்கிலிருந்து கொண்டுவரச் சொன்னார்கள்.

வேட்டை நமக்கு ஹராம் அல்ல, உண்பதற்கு ஆகுமானது. எனினும் இஹ்ராமில் உள்ளவருக்குத் தரைவேட்டை தடை. கைகளுக்கும் ஈட்டிகளுக்கும் எட்டும் வேட்டைப் பிராணிகளைக் கொண்டு அல்லாஹ் சோதிப்பான் என்று 5:94 கூறுகிறது. உயிருள்ளதை அம்பெய்யும் இலக்காக்குவதை நபி (ஸல்) தடுத்தார்கள் என்பது முஸ்லிமில் உள்ள ஹதீஸ்.

மறுநாள் கரும்பலகையின் நடுவே ஒரு கோடு கிழித்தோம். ஒருபுறம் குர்ஆன் சொன்னது, மறுபுறம் பிறர் சொன்னது. நெருப்பு எந்தப் பக்கம் என்றார் அதே மாணவர். குளிர்ந்த நெருப்பு (21:69) இந்தப் பக்கம், அதை மூட்டச் சொன்னவனின் பெயர் அந்தப் பக்கம் என்றோம். கொசுவை அவரே எழுந்து சென்று எழுதினார்.