பன்னிரண்டு வயதில் எழுந்து நடந்தவள்



மாற்கு எழுதின சுவிசேஷத்தின் 5-ஆம் அதிகாரத்தில் யவீருவின் மகளைக் குறித்து வாசிக்கிறோம். சுவிசேஷகர் அவளுடைய பெயரைச் சொல்லவில்லை, வயதைச் சொல்லுகிறார். பன்னிரண்டு. ஆண்டவர் கையைப் பிடித்து எழுப்பினபோது அவள் படுக்கையில் எழுந்து அமர்ந்ததோடு நிற்கவில்லை, நடந்தாள். அதன்பின் அவளுக்கு ஆகாரம் கொடுக்கும்படி ஆண்டவர் சொன்னார். உயிர்ப்பித்தவர் அந்தப் பிள்ளையின் பசியையும் மறக்கவில்லை.

நம் வீடுகளில் அதே வயதில் இதற்கு நேர்மாறான காரியம் நடக்கிறது. ஓடிக்கொண்டிருந்தவளை உட்காரச் சொல்லுகிறோம். ஆறாம் வகுப்புவரை தம்பிமாரோடு புதுமடம் கடற்கரை மணலில் ஓடித் திரிந்த பிள்ளை, பெரியவளானதும் விளையாட்டு வகுப்பில் மரத்தடியில் அமர்ந்து மற்றவர்களின் செருப்புகளுக்குக் காவலிருக்கிறாள்.

இதில் எனக்கும் பங்குண்டு. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தகப்பன் என்னிடம் வந்தார். மகளை மாவட்ட அளவிலான ஓட்டப் போட்டிக்கு அழைக்கிறார்கள், அனுப்பலாமா என்று கேட்டார். “ஜெபிப்போம்” என்றேன். அது ஜெபமல்ல, முடிவெடுக்கத் துணியாத போதகன் கண்டுபிடித்த ஒரு தள்ளிவைப்பு. போட்டி நாள் கடந்துபோயிற்று. பத்தாம் வகுப்போடு அவளுடைய படிப்பும் நின்றது. ஓட்டத்தை நிறுத்தியதால்தான் படிப்பு நின்றது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால், பள்ளிக்குப் போக அவளுக்கிருந்த ஓர் ஆசையை நாங்கள் இருவரும் சேர்ந்து அணைத்தோம்.

மதுரையை அடுத்த சக்கிமங்கலத்தில் ஆரம்மாள் என்றொரு பாட்டி வேறுவிதமாக நடந்துகொண்டார். சிறுவயதிலேயே பெற்றோரை இழந்த பேத்திகள் இருவரை அவர் கூலிவேலை செய்து வளர்த்தார். பெண்பிள்ளைகளை வேலைக்கு அனுப்பு என்று உறவினர் சொன்னபோது மறுத்தார். மூத்தவள் ரேவதி வெறுங்காலோடு ஓடினதைப் பயிற்சியாளர் கண்ணன் கண்டார். பாட்டிக்குத் தொடக்கத்தில் விருப்பமில்லை. கண்ணன் பேசி இணங்கவைத்தார். ரேவதிக்கு லேடி டோக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அது கேட்டி வில்காக்ஸ் அம்மையார் பெண்களுக்கென்று 1948-இல் மதுரையில் தொடங்கிய கல்லூரி. நம் முன்னோரின் காணிக்கையும் கண்ணீரும் எதற்கு விதைக்கப்பட்டன என்பதை நாம் மறந்துவிடுவதால் இதைச் சொல்லுகிறேன். பிற்பாடு ரேவதிக்குத் தென்னக ரயில்வேயில் வேலையும் கிடைத்தது. 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்புத் தொடரோட்டத்தில் இந்தியாவுக்காக ஓடிய நால்வரில் ரேவதி வீரமணி ஒருவர். திருச்சியைச் சேர்ந்த சுபா வெங்கடேசன் இன்னொருவர். அந்த அணி இறுதிச் சுற்றை எட்டவில்லை. பதக்கம் இல்லை. ஆனாலும் அந்தப் பாட்டி கொடுத்த “சரி” வீணாயிற்று என்று உங்களில் யாராவது சொல்வீர்களா? தீமோத்தேயுவின் பாட்டி லோவிசாளைப் பவுல் பெயர் சொல்லி நினைவுகூருவதை நான் வாசிக்கும்போதெல்லாம் இப்போது ஆரம்மாளும் நினைவுக்கு வருகிறார்.

“பெண்ணுடம்பு தாங்காது” என்று ஒருவர் சொன்னார். நம் கரையின் பெண்களைக் கண்ணாரக் காணாதவரா அவர்? விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி அணிந்து, மூச்சடக்கிக் கடலுக்குள் மூழ்கிப் பாறையிலிருந்து பாசி எடுக்கிறவர்கள் நம் தாய்மார். கூலிக்காக மூழ்கத் தாங்கும் உடம்பு, மைதானத்தில் ஒரு மணி நேரம் ஓட மட்டும் தாங்காதா?

பெற்றோரின் மற்றோர் அச்சத்தை நான் இப்படி ஒதுக்கமாட்டேன். மாலை நேரம், வெளியூர்ப் பயணம், பயிற்சி கொடுக்கிறவர் யார் என்ற கேள்வி: இவை நியாயமான கவலைகள். ஆகவே, பிள்ளைகள் விளையாடும் இடத்தில் தாய்மார் இருவராவது எப்போதும் இருக்கவேண்டும். பயிற்சியாளரோடு எந்தப் பிள்ளையும் தனித்திருக்கக் கூடாது. பிள்ளை வந்து ஏதாவது சொன்னால் முதலில் அவளைக் கடிந்துகொள்ளாமல் கேட்கவேண்டும். பயம் இருக்கிற இடத்தில் காவல் வைப்பதே தகும். பிள்ளையைப் பூட்டிவைப்பது தகாது.

படிப்புச் செலவைக் குறித்து ஒரு வார்த்தை. ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் உள்ளது. பிறகு அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் அது விரிவாக்கப்பட்டது. விண்ணப்பிக்கத் தெரியாதவர்கள் தயங்காமல் என்னிடம் வாருங்கள். இம்முறை ஜெபித்துவிட்டு, உட்கார்ந்து படிவத்தையும் நிரப்புவோம்.

நம் ஆலய வளாகம் வாரத்தில் ஆறு நாட்கள் பூட்டிக் கிடக்கிறது. சனிக்கிழமை மாலை 4 மணி முதல் 6 மணிவரை அதைப் பெண்பிள்ளைகளுக்குத் திறந்துவிடலாம் என்று எண்ணுகிறேன். முதல் ஒரு மணி நேரம் விளையாட்டு, அடுத்த ஒரு மணி நேரம் கணக்கும் ஆங்கிலமும். அண்டை வீட்டு இஸ்லாமியப் பிள்ளைகளும் இந்துப் பிள்ளைகளும் தாராளமாக வரட்டும். அங்கே பிரசங்கம் இராது. சுண்டல் உண்டு. அதை அவிக்க இருவரும், பிள்ளைகளோடு நிற்க இரண்டு தாய்மாரும் தேவை. வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சற்றே தங்கியிருந்து உங்கள் பெயரைத் தாருங்கள். தகப்பன்மாரே, சுண்டல் அவிக்க நீங்களும் பெயர் கொடுக்கலாம்.