வராத நடிகரும் வரச்சொன்ன முறையும்



கையில் காசில்லாமல் குறும்படம் எடுக்கும் இளைஞர்கள் எல்லாரிடமும் ஒரே புலம்பலைத்தான் கேட்கிறேன். "கேமரா கெடச்சிருது டீச்சர், கதையும் கெடச்சிருது. நடிக்க வர்றேன்னு சொன்னவங்கதான் வர்றதில்ல!" கம்போங் மேடான் வட்டாரத்தில் இத்தகைய இளைஞர்களுக்குப் பஞ்சமில்லை. கைப்பேசியே படக்கருவியாகிவிட்ட காலம் இது. அவர்களுள் சிலர் என் முன்னாள் மாணவர்கள் என்பதில் எனக்குப் பெருமையும் உண்டு.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வாக்குத் தவறுவது வழக்கமாகிவிட்டது என்று தீர்ப்பு எழுதுவது மிக எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஊதியமில்லாத படத்தில் நடிகர் பாதியில் காணாமற்போனால், அவரை அழைத்த முறையைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

கடந்த ஆண்டு பள்ளி விடுமுறையில் இங்குள்ள அடுக்குமாடி ஒன்றில் ஒரு படப்பிடிப்பு நடந்தது. மொத்தம் ஐந்து நாள் வேலை. கதாநாயகி நான்காம் படிவ மாணவி. மூன்றாம் நாள் அவள் வரவில்லை. அழைத்தால் கைப்பேசியை எடுக்கவுமில்லை. அன்றிரவே இயக்குநர் தம்பி புலனக் குழுவில் நீண்டதொரு வசைக் கடிதத்தைப் பதிவிட்டுவிட்டார். சில நாள் கழித்து இரவுச் சந்தையில் அந்தப் பெண்ணின் தாயாரைக் கண்டேன். "மொத நாளு ஆறு மணிக்கு முடிஞ்சிரும்னாங்க டீச்சர். பிள்ள வீட்டுக்கு வரும்போது மணி பத்தரை. யாரு கொண்டுவந்து விட்டாங்கன்னுகூட எனக்குத் தெரியாது. ரெண்டாவது நாளு மத்தியானச் சாப்பாடே இல்லையாம். அப்புறம் எப்படி அனுப்புவேன்?" என்றார். எப்படி அனுப்புவார்? நானாக இருந்தாலும் அனுப்பியிருக்க மாட்டேன்.

அதே படத்தில் அண்ணனாக நடித்தவர் கிடங்கில் ஷிப்டு வேலை பார்ப்பவர். மேலாளர் நேரத்தை மாற்றினால் அவரால் மறுக்க இயலாது. மறுத்தால் ஒரு நாள் சம்பளம் போய்விடும். படப்பிடிப்பு அட்டவணையைப் போட்டவர்கள் அவருடைய வேலை அட்டவணையைக் கேட்கவே இல்லை.

படம் அத்தோடு நின்றது. அதைவிட வருத்தம் தருவது வேறொன்று. அந்தப் பெண்ணுக்கு 'நம்ப முடியாதவள்' என்ற பெயர் வந்துவிட்டது. அடுத்து வந்த கோவில் திருவிழா நாடகத்திற்குக்கூட அவளை யாரும் கூப்பிடவில்லை. பதினாறு வயதில் ஒட்டிய பெயர்! 2001 மார்ச்சில் நிகழ்ந்த கலவரத்தில் ஆறு உயிர்கள் போயின. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் கம்போங் மேடான் என்றாலே புருவத்தை உயர்த்துவோர் இருக்கிறார்கள். ஏற்கெனவே ஊரின் பெயரைச் சுமக்கும் பிள்ளைகளின் தலையில் நாமே இன்னொரு பெயரையும் ஏற்ற வேண்டுமா?

இவ்விடர்ப்பாடு நமக்கு மட்டும் உரியதன்று. சத்தியஜித் ராய் 1952-இல் 'பதேர் பாஞ்சாலி' படப்பிடிப்பைத் தொடங்கியபோது விளம்பர நிறுவனமொன்றில் பணியாற்றிக் கொண்டிருந்தார். விடுமுறை நாளில்தான் படப்பிடிப்பு. நாணல் பூத்த வெளியில் ஒரு நாள் எடுத்துவிட்டு மறுவாரம் போனால், பூக்களை மாடுகள் மேய்ந்திருந்தன! அடுத்த பூக்காலம் வரை காத்திருந்தார். பணம் தீர்ந்து பலமுறை நின்ற அப்படம் 1955-இல்தான் முடிந்தது. இடைப்பட்ட காலத்தில் சிறுவன் அப்புவின் குரல் உடையவில்லை, துர்கா வளர்ந்துவிடவில்லை, மூதாட்டியாக நடித்த சுனிபாலா தேவி இறந்துவிடவில்லை என்ற மூன்றையும் அற்புதங்கள் என்றே ராய் பின்னர் குறிப்பிட்டார். அவருக்கு வாய்த்த அற்புதங்களை எல்லாரும் எதிர்பார்க்க முடியாது. ஆகவே, நாள்களைக் குறைப்பதே அறிவுடைமை.

கிறிஸ்டோபர் நோலன் தம் முதல் முழுநீளப் படமான 'ஃபாலோயிங்'கை (1998) எடுத்த முறை நம் இளைஞர்களுக்கு இன்னும் நெருக்கமானது. நடித்தவர் அனைவருக்கும் வேறு வேலை இருந்தது. அதனால் சனிக்கிழமைகளில் மட்டும், ஏறத்தாழ ஓராண்டு எடுத்தார்கள். ஒவ்வொரு காட்சியையும் முன்கூட்டியே நன்றாக ஒத்திகை பார்த்துவிட்டு, ஓரிரு முறையிலேயே படமாக்கினார்கள். முதன்மைப் பாத்திரத்தில் நடித்த ஜெரமி தியோபால்ட் தயாரிப்பாளர்களுள் ஒருவராகவும் இருந்தார். இதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். தன் பங்கும் இருக்கும் படத்தை எவர் பாதியில் விட்டுப் போவார்?

நம் நாட்டிலும் சான்றுகள் உண்டு. தீபக் குமரன் மேனனின் 'செம்மண் சாலை' (2005), சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' (2015) ஆகியவை பெரிய நட்சத்திரங்களை நம்பி எடுக்கப்பட்டவை அல்ல. பள்ளிச் சிறுவன் ஒருவனை மையமாகக் கொண்ட 'ஜகாட்' 2016-இல் 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வு பெற்றது. ஒரு சிறுவன் நாள்தோறும் படப்பிடிப்புக்கு வரவேண்டுமானால் அவன் வீடும் உடன்வர வேண்டும் அல்லவா?

ஆசிரியர் கல்விக் கழகத்தில் பாடத்திட்டம் எழுதப் பழகியபோது, பயிற்றுத்துணைப் பொருள் கைகொடுக்காவிட்டால் என்ன செய்வீர் என்று விரிவுரைஞர் கேட்பார். மின்சாரம் இல்லையென்றால்? ஒளிபெருக்கி வேலை செய்யாவிட்டால்? இதற்கு விடை இல்லாத பாடத்திட்டம் திரும்பி வந்துவிடும். குறும்படத் திட்டத்துக்கும் அதே கேள்வியைக் கேட்கலாம். ஐந்து நாள் கதையை இரண்டு நாள் கதையாகச் சுருக்க முடியுமா? யார் வருவது கடினமோ அவருடைய காட்சிகளை முதல் நாளிலேயே முடித்துவிட முடியுமா? ஒருவர் வராவிட்டால் அவர் பேசவேண்டியதை இன்னொருவர் வாயில் வைக்கலாமா?

உண்மையிலேயே நம்பத் தகாதவர்களும் இருக்கிறார்கள்; நான் மறுக்கவில்லை. சுவரொட்டியில் முகம் வந்தால் போதும் என்று சேர்பவர்கள் உண்டு. அவர்களைக் கண்டுபிடிக்க ஒத்திகையே போதும். மூன்று ஒத்திகைகளில் இரண்டுக்கு வராதவர் படப்பிடிப்புக்கும் வரமாட்டார். அவரைத் திட்டாமல், குழுவில் ஏசாமல், நன்றி சொல்லி அப்போதே விடுவித்துவிட வேண்டும். படம் பாதி முடிந்தபின் ஆளை மாற்றினால் என்னாகும் என்பதற்கு ஹாலிவுட்டில் வேடிக்கையான சான்று ஒன்று உண்டு. 1956-இல் பேலா லுகோசி இறந்தபின், எட் வுட் வேறொருவரை அழைத்துவந்து, மேலங்கியால் முகத்தை மூடச்செய்து நடிக்கவைத்தார். உலகம் இன்றும் சிரிக்கிறது!

பெற்றோர்களே, உங்களுக்கும் ஒரு சொல். "போயிட்டு வா" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டு, இரண்டு நாள் கழித்துத் திடீரென்று பிள்ளையை நிறுத்தாதீர்கள். ஒருவர் நின்றால் பத்துப் பேரின் உழைப்பு வீணாகிறது. எந்த இடம், எத்தனை நாள், எத்தனை மணிக்குத் தொடங்கும், எத்தனை மணிக்கு முடியும், சாப்பாடு யார் பொறுப்பு, வீட்டில் கொண்டுவந்து விடுபவர் யார், அவர் கைப்பேசி எண் என்ன என்பதைத் தொடக்கத்திலேயே கேளுங்கள். ஆசிரியர்களாகிய நாமும், வகுப்பறையைப் படப்பிடிப்புக்குக் கேட்டு வருபவர்களிடம் இதே விவரங்களை முதலில் கேட்கலாம். வாயால் சொன்னால் போதாது. எழுதித் தரச் சொல்லுங்கள். பயிற்சிப் புத்தகத்திலிருந்து கிழித்த ஒரு தாள் போதும்.